பென்னி மார்ஷல்: சின்னத்திரை வளர்த்த இயக்குநர்

திரைக்குப் பின்னால் பெண்கள் – வரலாற்றுத் தொடர் – பகுதி 9

சென்ற பகுதியில் ஐடா லுபினோவைப் பார்த்தோம். லண்டனில் பிறந்து, ஹாலிவுட்டில் நடிகையாகப் பெயர் வாங்கி, 1949 முதல் 1953 வரை அடுத்தடுத்துப் படங்களை இயக்கியவர். அதன்பின் 1966-ல் ஒரே ஒரு படம். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தொழிலில் நின்றது தொலைக்காட்சித் தொடர்களை இயக்கித்தான். சினிமா கைவிட்டபோது அவருக்குச் சோறு போட்டது சின்னத்திரை.

இந்தப் பகுதியில் நாம் பார்க்கப்போகிறவர் எதிர்த்திசையில் வந்தவர். சின்னத்திரையில் நடிகையாக நுழைந்து, கேமராவுக்கு முன்னால் நின்றபடியே இயக்கத்தைக் கற்றுக்கொண்டு, சினிமாவுக்குப் போனவர். ஒரு பெண் இயக்கிய படம் அமெரிக்காவில் 10 கோடி டாலருக்கு மேல் வசூல் செய்ய முடியும் என்று முதன்முதலில் காட்டியவர். பெயர் பென்னி மார்ஷல்.

அவர் வந்த காலம் எப்படிப்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1979-ல் அமெரிக்க இயக்குநர் சங்கத்தில் உறுப்பினர்களாக இருந்த ஆறு பெண்கள், தங்களுக்கு ஏன் வேலை வருவதில்லை என்று கேட்டு, கணக்கெடுக்க உட்கார்ந்தார்கள். 1949 தொடங்கி 1979 வரை, முப்பது ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் வெளியிட்ட படங்கள் 7,332. அவற்றில் பெண்கள் இயக்கியவை 14. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு 1983-ல் சங்கம் இரண்டு பெரிய ஸ்டுடியோக்கள்மீது வழக்குப் போட்டது. 1985-ல் தீர்ப்பு சங்கத்துக்குப் பாதகமாக வந்தது. பாகுபாடு இல்லை என்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. சங்கத்தின் சொந்த விதிகளே பெண்களுக்கு இடைஞ்சலாக இருக்கும்போது, அவர்கள் சார்பில் சங்கம் வழக்காட முடியாது என்றார் நீதிபதி.

சட்டத்தின் வழி அடைபட்ட அதே நேரத்தில்தான் பென்னி மார்ஷல் வசூலின் வழியில் உள்ளே வந்தார்.

நிலவறையில் ஒரு நடனப் பள்ளி

1943 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கில் பிறந்தார் பென்னி. வளர்ந்தது பிராங்ஸ் பகுதியில், கிராண்ட் கான்கோர்ஸ் சாலையை ஒட்டிய அடுக்குமாடி வீடு ஒன்றில். அப்பா டோனி மார்ஷல் தொழில் நிறுவனங்களுக்கு விளம்பர, விளக்கப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். அண்ணன் கேரி, அக்கா ரானி. இவர் கடைக்குட்டி.

வீட்டின் மையம் அம்மா மார்ஜரி. தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையிலேயே டேப் நடனப் பள்ளி நடத்தினார். காலணியின் அடியில் உலோகத் தகடு பொருத்தி, தரையைத் தாளவாத்தியம் ஆக்கும் நடனம் அது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் ஆடப் பழகினார்கள். மாணவிகளில் தேர்ந்தவர்களை ஒரு குழுவாக்கி, ‘மார்ஷலெட்ஸ்’ என்று தன் குடும்பப் பெயரையே சூட்டி, மேடை மேடையாகக் கூட்டிப் போனார் அந்தம்மா. தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் அந்தக் குழு ஆடியது. பென்னி அதில் ஒருத்தி. பிள்ளைப் பிராயத்தில் அவருக்கு அந்த வகுப்பு பிடித்ததே இல்லை. ஆனால் உடம்பால் ஒரு விஷயத்தைச் சொல்வது, தாளம் தப்பாமல் கால் வைப்பது, பார்க்கிறவர்களின் கவனத்தைப் பிடித்து வைத்திருப்பது ஆகிய மூன்றும் அந்த நிலவறையில்தான் அவருக்குள் போயின. பின்னாளில் எழுதிய தன்வரலாற்று நூலுக்கு அவர் தலைப்பு வைத்ததும் தன் அம்மாவைக் குறித்தே.

பள்ளி முடிந்ததும் அவர் போனது நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துக்கு. கணிதமும் உளவியலும் படித்தார். படிப்பு முடியும் முன்பே கருவுற்றார், கல்லூரிக் கால்பந்து வீரரான மைக்கேல் ஹென்றியை மணந்தார், மகள் பிறந்தாள். மணவாழ்க்கை நீடிக்கவில்லை. செயலாளர் வேலை பார்த்தும் நடனம் சொல்லிக்கொடுத்தும் ஆல்புகர்க்கி நகரில் சில காலம் ஓட்டினார். 1967 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் புறப்பட்டார். அண்ணன் கேரி மார்ஷல் அங்கே தொலைக்காட்சி நகைச்சுவை எழுத்தாளராகக் காலூன்றியிருந்தார்.

அழிக்கப்பட்ட சொல்

தொடக்க நாட்களில் கிடைத்தவை சின்னச் சின்ன வேடங்கள். 1968-ல் இரண்டு படங்களில் தலைகாட்டினார். விளம்பரங்களிலும் நடித்தார். அவற்றில் ஒன்று ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் ஷாம்பு விளம்பரம். பளபளக்கும் கூந்தலுக்கு ஃபாரா ஃபாசெட். அவருக்கு எதிர்நிலையில், சாதாரணக் கூந்தலுக்குப் பென்னி.

ஒளி அமைப்பைச் சரிபார்க்கும்போது நடிகைகளுக்குப் பதிலாக வேறு பெண்கள் அந்த இடத்தில் நிற்பது வழக்கம். யாருக்குப் பதில் யார் என்று தெரிய அவர்கள் கழுத்தில் அட்டை தொங்கும். ஃபாராவின் இடத்தில் நின்றவரின் அட்டையில் ‘அழகான பெண்’ என்று எழுதியிருந்தது. பென்னியின் இடத்தில் நின்றவரின் அட்டையில் எழுதியிருந்தது, ‘அழகில்லாத பெண்’ என்று. பென்னியின் முகம் வாடியதைக் கவனித்த ஃபாரா, தானே போய் அந்தச் சொல்லை அடித்துவிட்டு ‘சாதாரணப் பெண்’ என்று எழுதினார். பென்னி இந்தச் சம்பவத்தை நன்றியோடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

இதைச் சிறு விஷயம் என்று ஒதுக்க முடியவில்லை. அன்றைய பொழுதுபோக்குத் தொழில் ஒரு பெண்ணை எந்த அளவுகோலில் எடைபோட்டது என்பதற்கு அந்த அட்டையே சாட்சி. கதாநாயகிக்கான முகம் இல்லை என்று தீர்மானிக்கப்பட்ட பெண்ணுக்கு அந்தத் தொழிலில் மிச்சமிருந்தது நகைச்சுவை மட்டும். பென்னி அதை இறுகப் பற்றிக்கொண்டார்.

1970-ல் தயாரான ‘ஆல் இன் தி ஃபேமிலி’ தொடரில் மகள் வேடத்துக்கு அவர் பரிசீலிக்கப்பட்டார். வேடம் சாலி ஸ்ட்ரதர்ஸுக்குப் போனது. அதே தொடரில் மருமகனாக நடித்த ராப் ரைனரைப் பென்னி 1971-ல் மணந்தார். பத்து ஆண்டுகள் நீடித்த அந்தத் தம்பதியில் இருவருமே பின்னாளில் பெரிய இயக்குநர்கள் ஆனார்கள்.

அண்ணன் கேரி தயாரித்த ‘தி ஆட் கப்பிள்’ தொடரில் விளையாட்டுப் பத்திரிகையாளரின் செயலாளராக, மிர்னா என்ற வேடத்தில் பென்னி வந்தார். அண்ணன் தயவில் வந்தவர் என்ற பேச்சு எழத்தான் செய்தது. வாய்ப்பை அண்ணன் கொடுத்தார் என்பது உண்மை. பிராங்ஸ் வட்டாரத்து மூக்கொலிப் பேச்சை அப்படியே வைத்துக்கொண்டு, அலுத்துப்போன ஒரு அலுவலகப் பெண்ணை வீடுகளுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது தங்கையின் திறமை. கதவைத் திறந்துவிட ஆள் இருந்தால்கூட, உள்ளே போய் நிற்பதற்குக் கால் வேண்டும்.

மூடி போடும் தொழிலாளிகள்

1975 நவம்பரில் கேரி மார்ஷலின் வெற்றித் தொடரான ‘ஹேப்பி டேஸ்’-ல் ஒரே ஒரு எபிசோடுக்காக இரண்டு பெண் பாத்திரங்கள் வந்தன. லவர்ன் டிஃபாசியோவாகப் பென்னியும், ஷெர்லி ஃபீனியாகச் சிண்டி வில்லியம்ஸும் நடித்தார்கள். அந்த இரண்டு பேரையும் பார்த்த மாத்திரத்தில் தனித் தொடருக்கான கதை இருக்கிறது என்று தெரிந்துபோனது. இரண்டே மாதத்தில், 1976 ஜனவரி 27 அன்று, ஏபிசி தொலைக்காட்சியில் ‘லவர்ன் அண்ட் ஷெர்லி’ தொடங்கியது.

மில்வாக்கி நகரின் பீர் ஆலையில் பாட்டில்களுக்கு மூடி போடும் பிரிவில் வேலை செய்யும் இரண்டு இளம் பெண்கள், ஒரு கட்டடத்தின் அடித்தள வீட்டில் சேர்ந்து குடியிருக்கிறார்கள். காலம் 1950-களின் இறுதி. அதுவரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் நகைச்சுவைப் பெண் என்றால் பெரும்பாலும் இல்லத்தரசி, இல்லையென்றால் மேரி டைலர் மூரைப் போல அலுவலகத்தில் வேலை பார்க்கும் படித்த பெண். ஆலையில் நின்று கூலி வாங்கி, வாடகைக்குக் கணக்குப் பார்க்கும் பெண்கள் நாயகிகளாக வருவது அரிது. அந்தப் பெண்களை நாடு அள்ளி அணைத்துக்கொண்டது. 1977–78, 1978–79 ஆகிய இரண்டு பருவங்களிலும் அமெரிக்காவில் அதிகம் பேர் பார்த்த தொடர் அதுதான். எட்டுப் பருவங்கள், 178 எபிசோடுகள். 1983 மே மாதம் வரை ஓடியது.

லவர்ன் பாத்திரத்தின் பல அடையாளங்கள் பென்னி கொண்டுவந்தவை. யார் லவர்ன், யார் ஷெர்லி என்று பார்வையாளர்கள் குழம்பக் கூடாது என்பதற்காக லவர்னின் ஒவ்வொரு சட்டையிலும் அவள் பெயரின் முதல் எழுத்தைப் பெரிதாகத் தைக்கச் செய்தார். பாலில் பெப்சியைக் கலந்து குடிக்கும் பழக்கம் அவருடைய சொந்தக் குழந்தைப் பருவப் பழக்கம். தொடரின் முகப்பில் இருவரும் கைகோத்து நடந்தபடி எண்ணிச் சொல்லும் பாட்டு, பிராங்ஸ் தெருக்களில் தோழிகளோடு பள்ளிக்கு நடந்தபோது சொன்னது. பாத்திரத்தை எழுத்தாளர் தரும்வரை காத்திருக்காமல், உடை, உணவு, நடை என்று பார்வையாளர் கண்ணில் படும் பொருள்களால் கட்டியெழுப்பியது நடிகை செய்த வேலைதான். ஆனால் அது இயக்குநருக்கு உரிய பார்வை.

அவருக்கு இந்தத் தொடர் எப்படிப் பள்ளிக்கூடமாக அமைந்தது என்று புரிந்துகொள்ள, அன்றைய நகைச்சுவைத் தொடர்கள் தயாரான முறை தெரிய வேண்டும். வாரத்தின் முதல் நாள் எல்லாரும் மேசையைச் சுற்றி அமர்ந்து வசனத்தைப் படிப்பார்கள். சிரிப்பு வராத இடங்களை எழுத்தாளர்கள் அன்றிரவே மாற்றுவார்கள். அடுத்த நாட்களில் அரங்கில் நடந்து ஒத்திகை. அதன்பின் கேமராக்கள் வந்து, யார் எங்கே நின்றால் எந்தக் கேமராவில் விழுவார்கள் என்று தரையில் குறி போடுவார்கள். வாரக் கடைசியில் சில நூறு பார்வையாளர்கள் உட்கார்ந்திருக்க, பல கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓட, நாடகம்போல முழுவதும் நடித்துப் படமாக்குவார்கள். சிரிப்பு வந்ததா இல்லையா என்பது அந்த நிமிடமே தெரிந்துவிடும். வராவிட்டால் அங்கேயே வசனம் மாறும்.

இந்தச் சக்கரத்தில் எட்டு ஆண்டுகள் சுற்றியவருக்குத் திரைக்கதையில் எந்த வரி இடறும், எந்தக் கோணத்தில் ஒரு விழுகை சிரிப்பாகும், நடிகர் எப்போது களைத்துப்போவார் என்பதெல்லாம் கைப்பழக்கம் ஆகிவிடும். பென்னியும் சிண்டியும் செய்தது பெரும்பாலும் உடல்மொழி நகைச்சுவை. ஓடி, உருண்டு, தொங்கி, மோதிச் செய்கிற வேலை. அந்த வகைக்குக் கேமரா விலகி நிற்க வேண்டும். முழு உடலும் திரையில் தெரிய வேண்டும். இந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை.

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே இயக்கத்தில் கை வைத்தார். அண்ணன் தூண்டினார். ‘லவர்ன் அண்ட் ஷெர்லி’யில் நான்கு எபிசோடுகளை இயக்கினார். 1979-ல் ‘வொர்க்கிங் ஸ்டிஃப்ஸ்’ தொடரின் முதல் எபிசோடையும் இயக்கினார். அதில் நடித்த மைக்கேல் கீட்டனும் ஜிம் பெலுஷியும் அன்று புதுமுகங்கள்.

கோல்டன் குளோப் விருதுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார். எம்மி விருதுக்கோ நடிகையாக ஒருமுறைகூட அவர் பெயர் எட்டவில்லை. நாடே பார்த்த தொடர், விருதுக் குழுக்களின் கண்ணுக்கு மலிவான சிரிப்பாகத் தெரிந்தது. இந்தப் பாராமுகம் அவரைக் கடைசிவரை தொடர்ந்தது.

பாதியில் கிடைத்த முதல் படம்

சினிமாவில் அவருக்கு முதலில் வந்த வாய்ப்பு ‘பெகி சூ காட் மேரிட்’. தயாரிப்பு நிலையிலேயே அது கைவிட்டுப் போனது. பிறகு பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா அதை எடுத்தார். அடுத்து வந்தது ‘ஜம்பிங் ஜாக் ஃப்ளாஷ்’. வூப்பி கோல்ட்பெர்க் நடிக்க, ஹோவர்டு ஸீஃப் இயக்கத்தில் தொடங்கிய படம். படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே இயக்குநர் விலக, பென்னியைக் கூப்பிட்டார்கள்.

முதல் படம் இயக்குகிறவருக்குத் திரைக்கதையோடு உட்காரவும், நடிகர்களைத் தேர்ந்தெடுக்கவும், இடம் பார்க்கவும் மாதக்கணக்கில் நேரம் இருக்கும். பென்னிக்கு அது எதுவும் கிடைக்கவில்லை. வாராவாரம் மாறும் வசனத்தோடு எட்டு ஆண்டுகள் வாழ்ந்த பழக்கம்தான் அவரைக் காப்பாற்றியது. 1986 அக்டோபரில் படம் வெளிவந்தது. விமர்சகர்கள் பெரிதாகப் பாராட்டவில்லை. ஆனால் சிக்கலான படத்தை முடித்துக் கொடுக்கத் தெரிந்தவர் என்ற பெயர் நின்றது.

பெரிய பியானோ

எழுத்தாளரும் தயாரிப்பாளருமான ஜேம்ஸ் எல். புரூக்ஸ் அவரிடம் கொடுத்த அடுத்த திரைக்கதைதான் ‘பிக்’. கேரி ராஸும் ஆன் ஸ்பீல்பெர்க்கும் எழுதியது. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், பொருட்காட்சியில் ஆருடம் சொல்லும் இயந்திரத்திடம் தான் பெரியவனாக வேண்டும் என்று கேட்கிறான். மறுநாள் காலையில் முப்பது வயது ஆளின் உடம்போடு விழிக்கிறான். ஒரே இரவில் வளர்ந்தவனாகும் சிறுவன் என்கிற கருவைத் தமிழ் ரசிகர்கள் 2004-ல் எஸ்.ஜே.சூர்யாவின் ‘நியூ’ படத்தில் பார்த்திருப்பார்கள்.

அந்த நேரத்தில் ஹாலிவுட்டில் இதே சாயலில் மேலும் சில படங்கள் தயாராகிக்கொண்டிருந்தன. அவை முந்தி வந்தும்விட்டன. டாம் ஹாங்க்ஸ் முதலில் கிடைக்கவில்லை. ராபர்ட் டி நீரோ நடிப்பதாகப் பேச்சு நடந்து, அதுவும் முடிவுக்கு வரவில்லை. கடைசியில் ஹாங்க்ஸே வந்தார்.

பெரிய உடம்பில் குட்டிப் பையனை எப்படிக் கொண்டுவருவது? ஒரு நடிகர் தன் கற்பனையில் உள்ள ‘குழந்தைத்தனத்தை’ நடித்தால் அது போலியாகிவிடும். பென்னி ஒரு காரியம் செய்தார். சிறுவன் வேடத்தில் நடித்த டேவிட் மாஸ்கோவைக் கூப்பிட்டு, ஹாங்க்ஸ் நடிக்கவேண்டிய காட்சிகளை அவனை நடிக்கவைத்து வீடியோவில் பதிவு செய்தார். அவன் எப்படி நடக்கிறான், எப்படி உட்காருகிறான், என்ன செய்வதென்று தெரியாதபோது கைகளை எங்கே வைத்துக்கொள்கிறான் என்று ஹாங்க்ஸ் அந்த வீடியோவைப் பார்த்துப் படித்தார். திரையில் நாம் பார்ப்பது பொதுவான குழந்தையை அல்ல. அந்த ஒரு குறிப்பிட்ட பையனை. பெரிய நடிகரைச் சிறுவனிடம் பாடம் படிக்கவைக்க, நடிப்பை உள்ளிருந்து அறிந்த ஒருவருக்கே தோன்றும்.

படத்தின் புகழ்பெற்ற காட்சி நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் அப்போது இருந்த எஃப்.ஏ.ஓ. ஷ்வார்ஸ் பொம்மைக் கடையில் நடக்கிறது. தரையில் பதித்த மாபெரும் பியானோ. கட்டைகளின்மேல் குதித்தால் சுரம் ஒலிக்கும். ரெமோ சரசேனி வடிவமைத்தது; பாட்டு முழுதாக வர வேண்டும் என்பதற்காகப் படத்துக்கென்று பெரிதாக்கப்பட்டது. ஹாங்க்ஸும், கம்பெனி முதலாளியாக நடித்த ராபர்ட் லோகியாவும் அதன்மேல் குதித்துக் குதித்தே இரண்டு பாட்டுகளை வாசிக்கிறார்கள். படப்பிடிப்பு அன்று அவர்களைப் போலவே உடை போட்ட நடனக்காரர்கள் இருவர் தயாராக நின்றார்கள். அதைப் பார்த்த இரண்டு நடிகர்களும் நாங்களே செய்வோம் என்று முடிவெடுத்தார்கள்.

காட்சியை நிதானமாகப் பாருங்கள். கேமரா பின்னுக்கு விலகி, தலையிலிருந்து பாதம்வரை இருவரையும் ஒன்றாகக் காட்டுகிறது. குதிக்கிறவர்கள் இவர்கள்தான் என்பதில் பார்வையாளருக்குத் துளி சந்தேகம் வராது. மூச்சு வாங்குவதும் சமநிலை தடுமாறுவதும் தெரிகிறது. சுற்றிக் கூடியவர்களின் முகத்தில் மெல்லப் பரவும் சிரிப்பும் தெரிகிறது. அம்மாவின் நிலவறையில் கால்களால் தாளம் போடக் கற்ற பெண்ணும், முழு உடலையும் காட்டினால்தான் சிரிப்பு வரும் என்று தொலைக்காட்சியில் கற்ற நடிகையும் சேர்ந்து எடுத்த காட்சி அது. 

1988 ஜூன் 3 அன்று ‘பிக்’ வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 11 கோடி டாலருக்கு மேல் வசூல். ஒரு பெண் இயக்கிய படம் 10 கோடி டாலரைத் தாண்டியது அதுவே முதல்முறை. ஹாங்க்ஸுக்கு முதல் ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. திரைக்கதைக்கும் பரிந்துரை கிடைத்தது. இயக்குநர் பட்டியலில் பென்னி இல்லை.

விழித்தவர்கள்

நகைச்சுவை இயக்குநர் என்ற முத்திரை விழுந்தவருக்கு அடுத்ததும் நகைச்சுவையே வரும். பென்னி எடுத்துக்கொண்டது நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் எழுதிய ‘அவேக்கனிங்ஸ்’. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி 1920-கள் வரை பரவிய மூளை அழற்சி நோய் ஒன்று, பிழைத்தவர்களில் பலரைப் பிற்காலத்தில் சிலைபோல் உறையவைத்தது. பிராங்ஸில் உள்ள ஒரு மருத்துவமனையில் பல பத்தாண்டுகளாக அப்படிக் கிடந்தவர்களுக்கு 1969-ல் எல்-டோபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார் சாக்ஸ். அவர்கள் விழித்தெழுந்தார்கள். சில காலத்தில் மருந்து பொய்த்து, பழைய நிலைக்கே திரும்பினார்கள்.

நோயாளியாக டி நீரோ, மருத்துவராக ராபின் வில்லியம்ஸ். வாய் ஓயாத நகைச்சுவைக்குப் பெயர்போன வில்லியம்ஸை, கூச்சத்தால் வார்த்தை வராத மருத்துவராக அடக்கி வைத்தது இயக்குநரின் துணிச்சல். புரூக்ளினில் இயங்கிவந்த மனநல மருத்துவமனை ஒன்றிலேயே படமாக்கினார்கள்.

1990 டிசம்பரில் படம் வந்தது. சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த தழுவல் திரைக்கதை என மூன்று ஆஸ்கர் பரிந்துரைகள். பெண் இயக்கிய படம் சிறந்த படத்துக்கான பட்டியலில் இடம்பெற்றது அது இரண்டாவது முறை. முதலாவது ராண்டா ஹெய்ன்ஸின் ‘சில்ட்ரன் ஆஃப் எ லெஸ்ஸர் காட்’. இரண்டு முறையும் படம் பட்டியலில் இருந்தது, இயக்கியவர் பெயர் இயக்குநர் பட்டியலில் இல்லை. அதுவரையிலான ஆஸ்கர் வரலாற்றில் சிறந்த இயக்குநருக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒரே பெண் இத்தாலியின் லினா வெர்ட்முல்லர்தான்.

குட்டைப் பாவாடையும் பேஸ்பாலும்

இரண்டாம் உலகப் போரில் பேஸ்பால் வீரர்கள் ராணுவத்துக்குப் போய்விட, சிகாகோ கப்ஸ் அணியின் உரிமையாளரும் சூயிங்கம் அதிபருமான பிலிப் ரிக்லி 1943-ல் பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக் தொடங்கினார். பென்னி பிறந்த அதே ஆண்டு. 1954 வரை நடந்த அந்த லீக்கில் 600-க்கும் மேற்பட்ட பெண்கள் ஆடினார்கள். பிறகு நாடு அவர்களை மறந்துபோனது. அவர்களைப் பற்றி 1980-களில் வந்த ஓர் ஆவணப்படத்தைப் பார்த்த பென்னி, இதைத் திரைப்படமாக்கியே தீருவது என்று இறங்கினார். திரைக்கதை எழுத அவர் அழைத்தது ‘லவர்ன் அண்ட் ஷெர்லி’ காலத்து எழுத்தாளர்களான லோவல் கான்ஸையும் பாபலூ மாண்டலையும்.

‘எ லீக் ஆஃப் தேர் ஓன்’ படத்துக்கு நடிகைகளைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் வைத்த முதல் நிபந்தனை, பந்தை எறியவும் பிடிக்கவும் அடிக்கவும் தெரிய வேண்டும் என்பது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர்கள் முன்னிலையில் ஆடிக் காட்ட வேண்டியிருந்தது. தேர்வானவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். ஜீனா டேவிஸ், லோரி பெட்டி, மடோனா, ரோஸி ஓ’டானல் எல்லாரும் 1991 கோடையில் இண்டியானா மாநிலத்தின் மைதானங்களில் வெயிலில் கிடந்து ஆடினார்கள்.

உண்மையான லீக்கில் ஆட்டக்காரிகள் குட்டைப் பாவாடையோடுதான் ஆட வேண்டும் என்பது விதி. நாகரிகமாக நடக்கவும் ஒப்பனை செய்யவும் அவர்களுக்கு வகுப்பு வேறு நடத்தினார்கள். கால் மறைக்காத அந்த உடையோடு மண்தரையில் சறுக்கி விழுந்தால் தொடைத் தோல் உரிந்துவிடும். படத்தில் ஓர் ஆட்டக்காரியின் தொடையில் பெரிய சிராய்ப்பு ஒன்று அருகில் காட்டப்படுகிறது. அது ஒப்பனை அல்ல. நடிகை ரெனே கோல்மனுக்குப் படப்பிடிப்பில் ஏற்பட்ட நிஜக் காயம். அந்தப் பெண்கள் எதைத் தாங்கிக்கொண்டு ஆடினார்கள் என்பதை எந்த வசனத்தையும்விட அந்தத் தொடை தெளிவாகச் சொன்னது.

இன்னொரு சின்னக் காட்சியும் உண்டு. மைதானத்துக்கு வெளியே உருண்டு ஓடிய பந்தை ஒரு கறுப்பினப் பெண் எடுக்கிறார். அருகில் நிற்கும், ஜீனா டேவிஸ் நடித்த டாட்டிக்குத் தராமல், அவரைத் தாண்டித் தொலைவில் நிற்பவருக்கு வேகமாக எறிகிறார். பார்வையாலேயே ஒரு தலையசைப்பு, காட்சி முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளும் அந்த லீக்கில் ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக்கூட இடம் தரப்படவில்லை. தேர்வுக்குப் போய்த் திருப்பி அனுப்பப்பட்ட மேமி ஜான்சன், பின்னர் கறுப்பினத்தவருக்கான லீக்கில் ஆண்களோடு ஆடிப் புகழ்பெற்றார். அந்த அநீதியைப் பென்னி மறைக்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரப் படத்தில் அதற்குச் சில விநாடிகளே கொடுத்தார். இது போதாது. 2022-ல் அமேசான் பிரைமில் வந்த தொடர்தான் அந்தக் கதையை விரித்துச் சொன்னது.

1992 ஜூலை 1 அன்று வெளிவந்த படம் அமெரிக்காவில் 10 கோடியே 70 லட்சம் டாலர் வசூலித்தது. 2012-ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்கப்படவேண்டிய தேசியப் படங்களின் பட்டியலில் அதைச் சேர்த்தது. மறக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான ஆட்டக்காரிகள் தங்கள் முதுமையில் கையெழுத்துக் கேட்கப்படும் பெண்களானார்கள். ஒரு திரைப்படம் வரலாற்றுக்குச் செய்யக்கூடிய நேரடியான தொண்டு அது.

பிற்காலம்

அதன்பின் மூன்று படங்கள். ‘ரினைசன்ஸ் மேன்’ (1994) வசூலில் தோற்றது. டென்சல் வாஷிங்டனும் விட்னி ஹூஸ்டனும் நடித்த ‘தி பிரீச்சர்ஸ் வைஃப்’ (1996) படத்தைவிட அதன் பாடல் தொகுப்பு புகழ்பெற்றது. ட்ரூ பேரிமோர் நடித்த ‘ரைடிங் இன் கார்ஸ் வித் பாய்ஸ்’ (2001), இளம் வயதில் கருவுற்றுப் படிப்பை இழந்த ஒரு பெண்ணின் கதை. பென்னியின் சொந்த இளமை அதில் எதிரொலிப்பதைக் காண முடியும். ஆக மொத்தம் ஏழு படங்கள். பிறகு தயாரிப்பாளராக ‘சிண்ட்ரெல்லா மேன்’ போன்ற படங்களில் பங்கேற்றார். தொலைக்காட்சிக்கும் திரும்பி எபிசோடுகள் இயக்கினார். 2009-ல் வந்த புற்றுநோயிலிருந்து மீண்டார். 2018 டிசம்பர் 17 அன்று, நீரிழிவுச் சிக்கல்களால், 75-ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலிஸ் வீட்டில் காலமானார்.

அவருடைய வேலை முறைமீது குறைகளும் உண்டு. முடிவெடுக்கத் தயங்குவார், ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எல்லாக் கோணத்திலும் எடுத்துப் படச்சுருளைக் கரைப்பார், முணுமுணுப்பார் என்றார்கள். உண்மைதான். அப்படி எடுத்துக் குவித்ததிலிருந்து சிரிப்பும் கண்ணீரும் சரியான இடத்தில் விழும் நொடியைத் தொகுப்பு மேசையில் தேடிப் பிடிப்பதே அவர் முறை. இதே பழக்கமுள்ள ஆண் இயக்குநர்களை முழுமையைத் தேடுபவர்கள் என்று இந்தத் தொழில் புகழ்ந்திருக்கிறது.

வரலாற்றில் அவர் இடம் என்ன? ‘பிக்’ வந்த மறு ஆண்டே ஏமி ஹெக்கர்லிங்கின் ‘லுக் ஹூஸ் டாக்கிங்’ 10 கோடியைக் கடந்தது. 1992-ல் பெனலோபி ஸ்பீரிஸின் ‘வேய்ன்ஸ் வேர்ல்டு’, 1993-ல் நோரா எஃப்ரானின் ‘ஸ்லீப்லெஸ் இன் சியாட்டில்’. பெண் இயக்கினால் படம் ஓடாது என்ற வாதம் ஐந்தே ஆண்டில் செத்தது. அதற்கு முதல் அடி கொடுத்தவர் பென்னி மார்ஷல். நீதிமன்றம் தராத தீர்ப்பைக் கொட்டகை வாசலில் நின்ற மக்கள் தந்தார்கள்.

ஆனால் வசூலால் வாசலைத் திறக்க முடிந்ததே தவிர, மரியாதையைப் பெற்றுத்தர முடியவில்லை. சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் பரிந்துரை அவருக்குக் கடைசிவரை வரவில்லை. மக்களைச் சிரிக்கவைப்பதும், அவர்களுக்குப் புரியும்படி கதை சொல்வதும் இரண்டாந்தர வேலை என்ற எண்ணமும், சின்னத்திரையிலிருந்து வந்தவர் என்ற இளக்காரமும் அதற்குக் காரணங்கள். இரண்டுமே தவறு. வாரம் ஒரு கதை, பார்வையாளர் முன்னிலையில், பிசிறில்லாமல் செய்து பழகியவருக்கு அதைவிடக் கடுமையான பள்ளி எந்தத் திரைப்படக் கல்லூரியிலும் இல்லை. தொலைக்காட்சித் தொடர்களில் இன்று நடித்துக்கொண்டிருக்கும் பெண்களில் இயக்க விரும்புகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான்: நீங்கள் நிற்கும் அரங்கமே உங்கள் பள்ளி, கேமரா எங்கே நிற்கிறது என்று இன்றே கவனிக்கத் தொடங்குங்கள்.

(அடுத்த பகுதியில்: கறுப்புப் பட்டியலில் வாழ்வின் பன்னிரண்டு ஆண்டுகளை இழந்து, மீண்டு வந்து நடிகையாகவும் ஆவணப்பட இயக்குநராகவும் வென்ற லீ கிராண்ட்.)